வெல்வெட் கவுனும் உதிர்ந்த சப்பாத்தும்

2025 ஜூலையில் எங்கள் பெட்ச்சின் பத்தாவது வருட இராப்போசனம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. பத்தனையில் கல்வியியல் கல்லூரியில் ஒன்றாகப் படித்துவிட்டு இப்போது ஹட்டன், பதுளை, மாத்தளை என்று மூலைக்கொருவராகப் படிப்பித்துக்கொண்டிருக்கும் ஆட்கள். வட்ஸ்அப் குழுவில் வந்த அழைப்பில் ‘போர்மல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆண்களுக்கு கோட், பெண்களுக்கு சாரி அல்லது நீளக் கவுன். பழைய கிளப்புகளில் இரவுச் சாப்பாட்டுக்கு கோட்டும் டையும் கேட்கிற வழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் அது, அதனால் யாரும் ஆச்சரியப்படவில்லை. சாரி கட்டிக்கொண்டு போயிருந்தால் இதையெல்லாம் எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. ஆனால் கிழமைக்கு ஐந்து நாள் நான் சாரி கட்டுகிறேன். சோக் தூள் படிந்து, மழையில் கரை நனைந்து, பஸ்ஸில் கசங்கி, எனக்கு சாரி என்றால் அது வேலை உடுப்பு. ஒரே ஒரு இரவாவது டீச்சர் மாதிரித் தெரியாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஹட்டனில் ஒரு தையல்காரரிடம் கேட்டேன். நீளக் கவுன், லைனிங்கோடு, தையல் கூலி மட்டும் 7,500 ரூபா என்றார். விருந்துக்கு ஏற்கெனவே ஆளுக்கு 6,500 கட்டியாகிவிட்டது. வீட்டில் அம்மாவின் பழைய சிங்கர் கால் மெஷின் இருக்கிறது. அம்மா அதில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துத் தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். நானும் சாரி ஜாக்கெட், தலையணை உறை எல்லாம் தைப்பேன். கவுன் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். அம்மா அப்போது வத்தளையில் தம்பி வீட்டில் இருந்தார். கேட்டால் “காசக் குடுத்துத் தச்சுக்கடி” என்பார் என்று தெரியும், அதனால் சொல்லவே இல்லை. அங்கேதான் முதல் பிழை. நான் செய்த பிழைகளில் பாதி, ஒரு போன் கோலில் தீர்ந்திருக்கும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊர். ஜூலை இரவில் பன்னிரண்டு பதின்மூன்று பாகைக்கு இறங்கிவிடும், அதோடு காற்றும் தூறலும். மெல்லிய துணியில் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கி நிற்க எனக்கு விருப்பமில்லை. ஹட்டனில் ஒரு துணிக்கடையில் கருஞ்சிவப்பு வெல்வெட்டைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. மீற்றர் 1,600 ரூபா. கடைப் பையன் “நீளக் கவுனுக்கு நாலரை வேணும் அக்கா” என்றான். நான் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டி நாலு மீற்றர் போதும் என்று வாதாடி வாங்கினேன். அரை மீற்றரில் 800 ரூபா மிச்சம் பிடித்த பெருமை பஸ் ஏறி எங்கள் ஊர் மஸ்கெலியா வரும்வரை இருந்தது.

வெல்வெட்டைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயம் இதுதான். அந்தத் துணிக்கு மயிர் உண்டு, அந்த மயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். உள்ளங்கையால் ஒரு பக்கம் தடவினால் வழுவழுவென்று போகும், எதிர்ப் பக்கம் தடவினால் சொரசொரவென்று எதிர்க்கும். சாய்ந்த பக்கம் கீழே போக வெட்டினால் துணி வெளிறிப் பளபளக்கும், மேலே போக வெட்டினால் ஆழமான, கறுத்த நிறம் தெரியும். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் கவுனின் எல்லாத் துண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும். அதனால்தான் வெல்வெட்டுக்கு மற்றத் துணிகளைவிடக் கூடுதலாக வாங்குகிறார்கள். கொட்டனில் துண்டுகளைத் தலைகீழாக மாற்றிமாற்றி அடுக்கித் துணி மிச்சம் பிடிப்பது போல இதில் பிடிக்க முடியாது. நான் அதைத்தான் செய்தேன். கடைசியாக ஒரு பக்கத் துண்டுக்கு இடம் போதவில்லை. தலைகீழாகத் திருப்பிப் போட்டதும் அழகாகப் பொருந்தியது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தேன்.

பிறகு இரண்டு கிழமை, இரவு ஒன்பது மணிக்குமேல், கொப்பிகள் திருத்தி முடித்த பிறகு, தைத்தேன். வெல்வெட்டை வெல்வெட்டோடு வைத்துத் தைத்தால் மேல் துணி நகர்ந்துகொண்டே போகும். மேலே தொடங்கிய இடத்தில் ஒன்றாக இருந்த இரண்டு ஓரமும் கீழே வரும்போது ஓர் அங்குலம் வித்தியாசம். மூன்று முறை பிரித்தேன். பிரித்த இடமெல்லாம் மயிர் உதிர்ந்து மெஷின் முழுக்கச் சிவப்புத் தூள். குண்டூசி மட்டும் குத்தினால் போதாது, முதலில் கையால் நெருக்கமாக நூலோட்டிக்கொண்டு பிறகுதான் மெஷினில் வைக்க வேண்டும் என்பது மூன்றாவது முறைதான் புரிந்தது. தையலை மயிர் சாயும் திசையிலேயே ஓட்ட வேண்டும், மேலிருந்து ஒன்று கீழிருந்து ஒன்று என்று மாற்றி ஓட்டக் கூடாது. 16ஆம் நம்பர் ஊசியைக் கழற்றி 14 போட்டு, தையலைக் கொஞ்சம் நீளமாக்கியதும் துணி சுருங்குவதும் நின்றது.

பக்கத் துண்டு தலைகீழாக இருப்பது அதுவரை என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஜூன் மாதத்து மஸ்கெலியாவில் பகலென்றால் சாம்பல் நிற மூட்டம், இரவென்றால் ஒரு மஞ்சள் பல்ப். விருந்துக்குப் பத்து நாள் இருக்கும்போது போட்டுப் பார்த்து, போனில் ப்ளேஷ் அடித்து ஒரு படம் எடுத்தேன். படத்தில் இடது பக்கம் கருஞ்சிவப்பு, வலது பக்கம் செங்கல் நிறம். முதலில் போன் கெமராவில்தான் பழுது என்று நினைத்து லென்ஸைத் துடைத்தேன். இன்னும் நாலு படம் எடுத்தேன். பிறகு டோர்ச்சை எடுத்து இரண்டு பக்கமும் அடித்துப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, வயிறு மட்டும் காலியானது போல இருந்தது. அன்றைக்குத்தான் அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். அம்மா ஏசவில்லை. “பூனைய வாலுலருந்து தலைக்குத் தடவுனா எப்பிடி இருக்கும்? வெல்வெட்டும் அப்பிடித்தான்டி. வெட்ட முந்தித் தடவிப் பாத்து, உள்பக்கம் சோக்கால அம்புக்குறி போட்டுக்க வேணாமா?” என்றார். பிள்ளைகளுக்குக் கணக்கில் அம்புக்குறி போடச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இது தோன்றவில்லை.

மறுநாள் பாடசாலை விட்டதும் ஹட்டனுக்கு ஓடினேன். அந்த ரோல் முடிந்துவிட்டது. புதிதாக வந்த ரோல் அதே கம்பனி, அதே நம்பர், ஆனால் சாயம் ஒரு பிடி கறுப்பு. ஒரே நிறம் என்று வாங்கினாலும் ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் சின்ன வித்தியாசம் வரும், அதனால் துணி தேவையோ இல்லையோ முதலிலேயே அரை மீற்றர் கூட வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு போனால் கிடைக்காது. மீற்றர் 1,650 ஆகியும் இருந்தது. கடையில் நின்று யோசித்தேன். ஒரு பக்கத் துண்டை மட்டும் மாற்றினால் அது ஒட்டுப் போட்ட மாதிரித்தான் இருக்கும். ஒன்றரை மீற்றர் வாங்கி, இரண்டு பக்கத் துண்டுகளையுமே எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் கறுத்த துணியைப் போட்டேன். ஒரு பக்கம் மட்டும் வேறாக இருந்தால் பிழை, இரண்டு பக்கமும் வேறாக இருந்தால் டிசைன். 2,475 ரூபாவும் ஐந்து இரவும் அதற்குப் போனது. 800 ரூபா மிச்சம் பிடித்த கதை அத்தோடு முடிந்தது.

அயன் பண்ணுவதைப் பற்றி ஒரு வார்த்தை. வெல்வெட்டின் முகத்தில் அயனை வைக்கவே கூடாது. வைத்தால் அயனின் வடிவம் அப்படியே பதிந்து, பிறகு போகாது. நல்லவேளை, நான் முதலில் ஒரு வெட்டுத் துண்டில் வைத்துப் பார்த்தேன். தடித்த துவாயை விரித்து, அதன்மேல் துணியைக் குப்புறப் போட்டு, உள்பக்கமிருந்து ஆவி படும்படி லேசாகத் தொட்டுத்தொட்டு எடுக்க வேண்டும். இன்னொன்று, தைத்து முடித்த உடனே கீழ்க் கரையை மடிக்கக் கூடாது. பாரமான துணி, ஒரு நாளாவது தொங்கவிட்டால் தன் பாரத்திலேயே இறங்கும், அதற்குப் பிறகுதான் கரை. இதுவும் அம்மா சொன்னதுதான்.

ஆனால் எங்கே தொங்கவிடுவது? எங்கள் வீட்டில் இன்னும் விறகடுப்பு. மழைக் காலத்தில் புகை வெளியே போகாமல் காம்பராவுக்குள்ளேயே சுற்றும். வெல்வெட் புகையைக் குடித்தால் கழுவவும் முடியாது, விரட்டவும் முடியாது. பொலித்தீனுக்குள் மூடி வைத்தால் இந்த ஈரத்துக்கு இரண்டு நாளில் பூஞ்சணம். கடைசியில் பழைய கொட்டன் பெட்ஷீட்டில் சுற்றி பாடசாலைக்குக் கொண்டுபோய் நூலக அலுமாரிக் கதவில் மாட்டினேன். இரண்டு நாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முழுப்பேரும் புத்தகம் எடுக்க வந்தார்கள். “டீச்சருக்குக் கல்யாணமா?” என்று ஒருத்தி கேட்டேவிட்டாள்.

சப்பாத்தைப் பற்றி எனக்கு எந்தக் கவலையும் இருக்கவில்லை. அதுதான் வேடிக்கை. இரண்டு வருடமாக எனக்குக் குதிக்கால் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணி குத்துவது மாதிரி இருக்கும். ஹை ஹீல்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று முதல் நாளே முடிவெடுத்துவிட்டேன். 2019இல் தம்பி கல்யாணத்துக்கு 4,200 ரூபாவுக்கு வாங்கிய கறுப்புச் சப்பாத்து ஒன்று அலுமாரியில் இருந்தது. ஒன்றரை அங்குல உயரத்தில் தட்டையான, மெத்தென்ற அடி. போட்டால் மேகத்தில் நடப்பது போல இருக்கும். ஆறு வருடத்தில் நாலைந்து தடவைதான் போட்டிருப்பேன், நல்ல சப்பாத்து பழுதாகிவிடும் என்று பெட்டியோடு வைத்திருந்தேன். கவுனின் கரையை அளக்கும்போது அதைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன். தரையைத் தொடும் தொடாததுமாகக் கரை சரியாக வந்தது. நின்றேனே தவிர நடக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன், ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியா. காலில் ரப்பர் பாட்டா, மடியில் கவுன். மடித்தால் கோடு விழும் என்று துணிக்கடையில் கேட்டு வாங்கிய மட்டைக் குழாயில், மயிர்ப் பக்கம் உள்ளே இருக்கும்படி சுற்றி வைத்திருந்தேன். இது மட்டும் நூற்றுக்கு நூறு சரியாக வந்தது. ஹோட்டல் வொஷ்ரூமில் மாற்றிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது ஒரு சுருக்கம் இல்லை. வீட்டில் தைத்தது என்று எவளாவது கண்டுபிடித்துவிடுவாளோ என்ற பயத்தில், தோள், கழுத்து, சிப் எல்லாவற்றையும் பத்துத் தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

முதல் அரை மணி நேரம் நன்றாகவே போனது. ஒருத்தி கட்டிப்பிடித்தாள், ஒருவர் பெயரை மறந்துபோய் “மஸ்கெலியா!” என்று கூப்பிட்டார். பிறகு மரத் தரையில் கறுப்பாக எதையோ பார்த்தேன். கருகின கேக் தூள் மாதிரி. யாரோ சேற்றுக் காலோடு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் தள்ளி நின்றேன், அங்கேயும் தூள். திரும்பிப் பார்த்தால் வாசலிலிருந்து நான் நின்ற இடம்வரை கோடு போட்டது போல வந்திருக்கிறது. கவுனை இரண்டு அங்குலம் தூக்கினேன். வலது சப்பாத்தின் அடி, நனைந்த பிஸ்கட் மாதிரி வெடித்து விரிந்திருந்தது. சரியாக அந்த நேரம் குழுப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு எட்டு வைத்தேன், குதிப் பக்கம் முழுதாகக் கழன்று தரையில் உட்கார்ந்துகொண்டது. ஒரு கால் உயரம், ஒரு கால் பள்ளம். கழன்ற துண்டைக் குனிந்து எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு, நொண்டாமல் நடப்பது போல நடந்து வொஷ்ரூமுக்குள் போய்க் கதவை மூடினேன். பத்து நாளுக்கு முன்னால் வராத அழுகை அப்போது வந்தது.

பையில் இருந்த பாட்டாவைப் போட்டுப் பார்த்தேன். நீளக் கவுன்தானே, வெளியே தெரியாது. ஆனால் மரத் தரையில் ‘சடக் சடக்’ என்று அது போடுகிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கும். அங்கே துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர் தும்புத்தடியோடு உள்ளே வந்தார். தரையில் கிடந்த தூளைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார் போல. என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். “அழுவாதீங்க மிஸ். காலு என்ன நம்பரு?” முப்பத்தெட்டு என்றேன். “நமக்கு முப்பத்தொன்பது. பரவாயில்ல” என்று சொல்லித் தன் கறுப்புத் துணிச் சப்பாத்தைக் கழற்றினார். நான் வேண்டாம் என்றேன். “ஒன்பதரைக்கு டூட்டி முடியுது. அதுவரைக்கும் ஒங்க பாட்டாவக் குடுங்க. சுப்பவைசர் கேட்டா சப்பாத்து நனஞ்சிருச்சின்னு சொல்லிக்கிறேன்” என்றார். லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் என்றார். முன் பக்கம் கொஞ்சம் டிஷ்யூ சுருட்டி வைத்ததும் சப்பாத்து பொருந்திவிட்டது.

இப்போது ஒன்றரை அங்குல உயரம் குறைந்துவிட்டதால் கவுன் தரையில் இழுபட்டது. அதற்கு மட்டும் என்னிடம் மருந்து இருந்தது. சாரி கட்டுகிற டீச்சரின் கைப்பையில் எது இல்லாவிட்டாலும் ஊக்கு இருக்கும். அந்த அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து, லைனிங்கையும் வெல்வெட்டையும் சேர்த்து உள்பக்கமாகச் சுற்றிவரப் பதினொரு ஊக்கு குத்திவிட்டார். ஊக்கு குத்திய தடம் வெல்வெட்டில் இன்றைக்கும் இருக்கிறது. குழுப் படம் முடிந்திருந்தது, அதில் நான் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பதினொரு மணிவரை, ஹட்டனுக்கு வான் கிளம்பும்வரை, கால் வலியே இல்லாமல் நின்றேன், ஆடினேன்கூட.

பிறகு ஹட்டனில் செருப்புத் தைக்கிறவரிடம் அந்தச் சப்பாத்தைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது பீயூ அடி தங்கச்சி. போட்டுத் தேஞ்சதில்ல, போடாம வச்சுச் செத்தது” என்றார். மெத்தென்று, பாரமில்லாமல் இருக்கும் அடிகள் நிறைய பொலியூரத்தேன் என்ற பொருளில் செய்தவை. காற்றிலுள்ள ஈரம் மெதுமெதுவாக அதை உள்ளேயிருந்து உடைத்துவிடும். சில வருடம் பெட்டிக்குள் கிடந்தால், மேலே புதுசு மாதிரியே இருக்கும், கால் வைத்ததும் உதிரும். எங்கள் மலைநாட்டு ஈரத்தில் கேட்கவே வேண்டாம். விரல் நகத்தால் அடியை அழுத்திப் பாருங்கள், இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ, மெல்லிய வெடிப்புத் தெரிந்தாலோ, தூள் கொட்டினாலோ அதை நம்பி வெளியே போகாதீர்கள். மேல்பாகம் நன்றாக இருந்தால் ரப்பர் அடி போட்டுத் தருவார்கள், எனக்கு 1,800 ரூபா எடுத்தார். நல்ல சப்பாத்து என்று பூட்டி வைக்காமல் அடிக்கடி போட்டு நடப்பதுதான் அதற்கும் நல்லதாம். புதிதாக வாங்குவதென்றால் பின்னேரத்தில் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நின்ற கால் அப்போதுதான் வீங்கி அதன் உண்மையான அளவில் இருக்கும்.

எல்லாவற்றையும் கூட்டினேன். வெல்வெட் 6,400, லைனிங் 1,350, சிப், நூல், கொக்கி, கேன்வாஸ் எல்லாம் 850, பிறகு வாங்கிய துணி 2,475. மொத்தம் 11,075 ரூபா, பஸ் காசு இல்லாமல். அப்போதைய தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாப்படி எட்டு நாளுக்கும் மேலே கொழுந்து பறிக்க வேண்டும் என்று அம்மா உடனே கணக்குச் சொன்னார். அம்மாவுக்கு எல்லாக் கணக்கும் அப்படித்தான். பத்தொன்பது இரவு போனது தனி. ஆனாலும் தைத்ததற்காக வருத்தமில்லை, அந்த இரவு கையால் தைத்தது ஒரு நூல் கூடப் பிரியவில்லை, கடையில் வாங்கியதுதான் காலை வாரியது. இனி எங்கே போவதென்றாலும் இரண்டு கிழமைக்கு முன்பே கவுன், சப்பாத்து, கைப்பை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, இரவு வெளிச்சத்தில், ப்ளேஷ் அடித்துப் படமும் எடுத்து, ஒரு மணி நேரமாவது வீட்டுக்குள் நடப்பேன். படி ஏறி இறங்குவேன், உட்கார்ந்து சாப்பிடுவேன். பக்கத்து வீட்டார் என்ன நினைத்தாலும் சரி.

அடுத்த சனிக்கிழமை அந்தச் சப்பாத்தைக் கழுவிக் காயவைத்து, ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டு நுவரெலியா பஸ் நிலையத்துக்குப் போனேன். அந்த அக்கா டூட்டிக்குப் போகிற வழியில் வந்தார். என் பாட்டாவைத் தேய்த்துக் கழுவி ஒரு ஷொப்பிங் பேக்கில் சுற்றி வைத்திருந்தார், நான் வாங்கிய நாளில்கூட அது அவ்வளவு நீலமாக இருந்ததில்லை. கவுன் எங்கே எடுத்தது என்று கேட்டார். நான்தான் தைத்தேன் என்றேன்.

“அப்பிடியா? பக்கத்துல மட்டும் கொஞ்சம் கறுத்த துணி வச்சிருந்தீங்களே, அதுதான் மிஸ் ரொம்ப எடுப்பா இருந்துச்சி. அத எப்பிடி யோசிச்சீங்க?”

ஹட்டன் பஸ் புறப்பட ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. “அது சும்மா, மனசில வந்திச்சு அக்கா” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.